ஒரே வாளி, இரண்டு அறைகள், இரண்டு நிறங்கள்: அறைகளுக்கான வண்ணத் தேர்வில் ஆலோசனை தேவை

வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மதுரையின் புறநகர்ப் பகுதியில் நாங்கள் கட்டிவரும் வீட்டில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, உட்புற வண்ணப் பூச்சு தொடங்கியிருக்கிறது. இரண்டு படுக்கையறைகளுக்கும் ஒரே வெளிர் சந்தன நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கடையில் இயந்திரத்தில் கலந்து வாங்கிய ஒரே இருபது லிட்டர் வாளியிலிருந்து முதல் கோட் அடிக்கப்பட்டது. ஆனால் கிழக்கு அறைக்குள் நுழைந்தால் சுவரில் இலேசான பச்சை தெரிகிறது. மேற்கு அறையில் அதே நிறம் ரோஜா நிறத்தை நெருங்குகிறது. கலவையில் கோளாறு என்கிறார் பெயின்டர். அடித்த விதத்தில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். இரண்டாவது கோட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஹால், சமையலறை, பூசை அறை ஆகியவற்றுக்கு இன்னும் நிறமே முடிவாகவில்லை. இதற்குக் காரணம் என்னவாக இருக்கும், மற்ற அறைகளுக்கு எதை அடிப்படையாக வைத்து நிறம் தேர்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுவரும் சுண்ணாம்பும்

வணக்கம் ஐயா. பெயின்ட் ஒப்பந்த வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் முதலில் சில சந்தேகங்களைக் கழித்துக்கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, முதல் கோட்டை வைத்து எந்த நிறத்தையும் தீர்மானிக்கக் கூடாது. பிரைமரின் வெண்மை அடியிலிருந்து மேலே தெரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு, சாயம் கலந்த வாளியை நன்றாகக் கிண்டாமல் மேலாக மொண்டு ஓர் அறைக்கும், அடியில் தங்கியதை வழித்து இன்னோர் அறைக்கும் அடித்திருந்தால் வேறுபாடு வரத்தான் செய்யும். மூன்று, சிமென்ட் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாட்களாவது ஆறியிருக்க வேண்டும், அதன் பிறகும் ஈரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சுவரின் காரத்தன்மை சில சாயங்களை வெளுக்கச் செய்துவிடும். ஆனால் அப்படி நேர்ந்தால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியுமே தவிர, அறை முழுவதும் ஒரே சீராகப் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறாது. உங்கள் சுவரில் திட்டு இருக்கிறதா, சீராக இருக்கிறதா?

ஒளிநிழல்

கட்டட வடிவமைப்புத் துறையில் இருப்பவன் நான். மேலே பெரியவர் கேட்ட கேள்வியோடு என்னுடைய இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு அறையின் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? மேற்கு அறையின் தரை என்ன தரை?

பெயின்டரையும் கடைக்காரரையும் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தடித்த சார்ட் அட்டை ஒன்றில் அதே வாளியிலிருந்து, நன்றாகக் கலக்கிய பின், இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். அட்டையின் ஓரம் வரை அடிக்க வேண்டும். வெள்ளை விளிம்பு விட்டால் அந்த வெள்ளையின் பக்கத்தில் நிறம் உள்ளதைவிட அடர்த்தியாகத் தோன்றி உங்களை ஏமாற்றும். அந்த அட்டையைக் கிழக்கு அறைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, மேற்கு அறைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அட்டை எந்த அறைக்குப் போகிறதோ அந்த அறையின் சுவரைப் போலவே மாறினால் பெயின்டில் குற்றமில்லை. இரவில் சன்னல்களைச் சாத்திவிட்டு, இரண்டு அறைகளிலும் ஒரே வகை பல்பைப் போட்டும் ஒரு முறை பாருங்கள்.

வைகைக்கரையான்

இருவருக்கும் நன்றி. சுவரில் திட்டு எதுவும் இல்லை, நிறம் சீராகவே இருக்கிறது. அட்டைச் சோதனையைச் செய்து பார்த்தேன். அட்டை கிழக்கு அறையில் பச்சையும் மேற்கு அறையில் சிவப்பும் காட்டியது. இரவில் பல்பு வெளிச்சத்தில் கிழக்கு அறை நாங்கள் தேர்ந்தெடுத்த சந்தன நிறத்திலேயே இருக்கிறது. மேற்கு அறையில் சுவரின் மேல்பாதி சரியாகத் தெரிந்தாலும், தரையிலிருந்து இடுப்பளவு வரை சிவப்பின் சாயல் இரவிலும் போகவில்லை.

கிழக்குச் சன்னலுக்கு வெளியே நான்கடி சந்து. அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டின் இரண்டு மாடிச் சுவர் முழுவதும் கிளிப்பச்சை. மேற்கு அறையில், என் தாயார் பிறந்த வீட்டில் இருந்ததைப் போல வேண்டும் என்று அவர் விரும்பியதால், ரெட் ஆக்சைடு தரை போட்டிருக்கிறோம். வெளியே காலி மனை.

ஒளிநிழல்

அப்படியானால் விடை உங்கள் கையில் இருக்கிறது. கிழக்கு அறைக்குள் நுழைவது சூரியனின் நேரடி ஒளி அன்று, கிளிப்பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி. மேற்கு அறையில் அந்த வேலையைத் தரை செய்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நிறம் தேர்வதற்கு இதுதான் அடிப்படை.

இணையத்தில் கிடைக்கும் வண்ண ஆலோசனைகளில் பெரும்பாலானவை, வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நீல ஒளிதான் வரும், ஆகவே மஞ்சள் கலந்த நிறம் அடியுங்கள் என்று தொடங்கும். அது இலண்டனுக்கு முற்றிலும் பொருந்தும். அங்கே டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; ஜூன் மாத நண்பகலிலும் தெற்கேதான் நிற்கிறது. மதுரை பத்துப் பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. இங்கே டிசம்பரிலேயே நண்பகல் சூரியன் 57 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். ஏப்ரல் நடுப்பகுதியில் தலைக்கு நேர் மேலே வந்து, ஆகஸ்ட் இறுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். எனவே இங்கே மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. வடக்கறை குளிர்ந்த அறை என்ற விதியை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று. சூரியன் இவ்வளவு உயரத்தில் இருப்பதாலும், ஒவ்வொரு சன்னலுக்கும் மேலே நாம் சன்ஷேடு போடுவதாலும், பகலின் பெரும்பகுதியில் அறைக்குள் வருவது எங்கோ பட்டுத் தெறித்து வரும் ஒளிதான். முற்றத்துச் சிமென்ட் தரை, எதிர்வீட்டுச் சுவர், மாமரத்தின் இலைகள், வாசலில் நிற்கும் காரின் மேற்கூரை என்று எதில் பட்டதோ அதன் நிறத்தைச் சுமந்துகொண்டுதான் வெளிச்சம் உள்ளே வருகிறது. மனை முழுவதும் கட்டி, சந்துக்கு மூன்றடி நான்கடி விடும் நம் நகரங்களில், உங்கள் படுக்கையறையின் நிறத்தில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று சொன்னாலும் தகும். நிறுவனத்தின் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டை விரிப்பதற்கு முன் சன்னலருகே நின்று வெளியே எது பெரிதாகத் தெரிகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உள்ளே வந்த ஒளி ஒரு முறை பட்டவுடன் அடங்கிவிடுவதும் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பல முறை பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு திரும்பலிலும் சுவரின் நிறம் மேலும் கொஞ்சம் கூடுகிறது. கார்டில் இரண்டு விரல் அகலத்தில் மென்மையாகத் தெரிந்த மஞ்சள், நான்கு சுவர்களிலும் அடித்த பின் கண்ணைக் குத்துவது இந்தக் காரணத்தால்தான். நீங்கள் விரும்பிய நிறத்துக்கு ஒரு படி வெளிறியதையே வாங்குங்கள். அதே நிறத்தின் சாய அளவைப் பாதியாகக் குறைத்துக் கலந்து தரும் கடைகளும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் இரண்டு அறைகள். கிழக்கு அறையில் பச்சை ஒளியை ஈடுகட்ட, மஞ்சள் சாயலுள்ள சந்தனத்தைக் கைவிட்டு, இளஞ்சிவப்பு மிக மெல்லியதாகக் கலந்த வெள்ளைக்கு மாறலாம். பச்சைக்கு எதிர்நிறம் அதுதான். இல்லையென்றால் பச்சையோடு சண்டை போடாமல் வெளிர் பச்சையையே தேர்ந்தெடுத்துவிடலாம். வந்த விருந்தாளிகளில் ஒருவரும் பக்கத்து வீட்டைச் சந்தேகிக்க மாட்டார்கள். மூன்றாவது வழியும் உண்டு. அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வெள்ளையடிக்கும்போது, உங்கள் சன்னலுக்கு நேரான பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்துக்கொள்ளச் சொல்லி, செலவை நீங்கள் ஏற்பதாகக் கேட்டுப் பார்ப்பது. அந்த வழிதான் எல்லாவற்றிலும் மலிவானது.

மேற்கு அறையில் ரெட் ஆக்சைடு தரையை வைத்துக்கொண்டு பீச், சந்தனம், ரோஸ் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். சாம்பலும் பச்சையும் இலேசாகக் கலந்த வெள்ளை அங்கே சமநிலைக்கு வரும். மாலை நான்கு மணிக்கு மேல் காலி மனையின் பக்கமிருந்து வரும் செம்மஞ்சள் வெயிலையும் அது தணிக்கும். பழைய வீடுகளில் சுவரின் அடியில் மூன்றடிக்கு அடர்த்தியான நிறத்தில் ஒரு பட்டை அடித்திருப்பார்கள். அழுக்கு தெரியாமலிருக்க என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பட்டை, சிவப்புத் தரையின் சாயல் சுவரில் ஏறித் தெரிவதையும் மறைத்தது. உங்கள் தாயாரிடம் கேட்டால் அவர் பிறந்த வீட்டிலும் அது இருந்ததென்று சொல்லக்கூடும்.

கீழ்வானம்

ஒளிநிழல் அவர்களின் விளக்கம் பகலுக்குப் பொருந்துகிறது. ஆனால் வேலைக்குப் போகும் குடும்பத்தினர் தம் வீட்டுச் சுவரை இரவில்தான் அதிகம் பார்க்கிறோம் என்பதை யாரும் பேசவில்லையே. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எனக்கு எல்இடி பல்புதான் சூரியன். பல்பின் பெட்டியில் 3000 கே, 4000 கே, 6500 கே என்று அச்சிட்டிருப்பார்கள். கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு. எண் குறைவாக இருந்தால் வெளிச்சத்தில் மஞ்சள் கூடும். எண் கூடினால் நீலம் கூடும். பெரும்பாலான வீடுகளில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக 6500 கே பல்புகளையே போடுகிறோம். அந்த வெளிச்சத்தில் சந்தனம், க்ரீம் போன்ற நிறங்கள் சோபை இழந்துவிடுகின்றன. இப்போது எங்கு பார்த்தாலும் அடிக்கப்படும் சாம்பல் நிறமோ பூசாத சிமென்ட் சுவரைப் போல ஆகிவிடுகிறது. பெயின்டை மாற்றுவதற்கு முன் 4000 கே பல்பு ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பொருள்களின் நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண்ணும் பெட்டியில் இருக்கும். 80க்குக் கீழே உள்ளதை வாங்க வேண்டாம், 90 கிடைத்தால் மிகவும் நல்லது.

இன்னொன்று, இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்குப் பதிலாக எல்லா அறைகளுக்கும் தூய வெள்ளையை அடித்துவிட்டு, நிறத்தைத் திரைச்சீலையிலும் மெத்தை விரிப்பிலும் வைத்துக்கொண்டால் என்ன? பிடிக்காவிட்டால் மாற்றுவதும் எளிது.

ஒளிநிழல்

பல்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கவும் சரி. அட்டையைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் பார்ப்பதோடு, அந்த அறையில் கடைசியாக எந்தப் பல்பைப் போடப்போகிறோமோ அதன் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். கடையின் ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று முடிவெடுப்பதுதான் மிகவும் ஆபத்தானது.

தூய வெள்ளையில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வெள்ளைதான் வெளியிலிருந்து வரும் நிறத்தை எல்லாவற்றையும்விட விசுவாசமாகக் காட்டிக்கொடுக்கும் சுவர். இந்த வீட்டின் கிழக்கு அறைக்குத் தூய வெள்ளை அடித்தால் பச்சை இப்போதைவிடத் தெளிவாகத் தெரியும். அதோடு, வெயில் அதிகமான ஊரில் பெரிய சன்னலுக்கு எதிர்ச்சுவர் தூய வெள்ளையாக இருந்தால் கண் கூசும். பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்ஆர்வி என்ற ஓர் எண்ணைத் தருகின்றன. விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. வெள்ளைகள் பெரும்பாலும் 80க்கு மேல் இருக்கும். வெளிச்சம் நிறைந்த ஹாலுக்கு 60 முதல் 70 வரை போதும். சந்துப் பக்கம் பார்த்த சமையலறைக்கு 75க்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

நெல்லைவாசி

விவாதம் பயனுள்ளதாகப் போகிறது. என்றாலும் நம்மவர்கள் பார்க்கும் வாஸ்துவை யாரும் தொடவில்லை. தென்கிழக்கு அக்னி மூலை என்பதால் சமையலறைக்கு ஆரஞ்சு வேண்டும் என்றும், வடகிழக்குக்கு வெள்ளையோ வெளிர் நீலமோ வேண்டும் என்றும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நவீன உளவியலும் நீலம் மனத்தை அமைதிப்படுத்தும், சிவப்பு பசியைத் தூண்டும் என்று சொல்கிறதல்லவா? இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் முறை என்று தோன்றுகிறது.

மருதம்

வாஸ்து அவரவர் வீட்டு நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. ஆரஞ்சு வேண்டுமென்றால் சமையலறையின் ஒரு சிறு சுவருக்கோ அலமாரிக் கதவுக்கோ அடித்து, பெரியவர்களின் மனத்தையும் நிறைவு செய்யலாம், வெளிச்சத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் உளவியலின் பெயரால் சொல்லப்படுபவற்றை அப்படியே நம்ப வேண்டாம் என்பேன். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்குக் குறிப்பிட்ட ஓர் இளஞ்சிவப்பை அடித்து, கைதிகளின் ஆவேசம் தணிந்ததாக அறிவித்தார்கள். பேக்கர் மில்லர் பிங்க் என்று அதற்குப் பெயரும் வந்தது, வேறு பல சிறைகளும் அடித்துப் பார்த்தன. பின்னர் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்து, 2015இல் வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு விளைவு தென்படவில்லை. படுக்கையறைக்கு நீலம் பிடித்திருந்தால் அடியுங்கள்; தூக்கம் வரும் என்பதற்காக அடிக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவரின் தாயார் மேற்கு அறையில்தான் இருக்கப்போகிறார் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் நிறத்தைவிட நிற வேறுபாட்டைக் கவனியுங்கள். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. வெளிர் நீலமும் வெளிர் சாம்பலும் பிரித்தறிய முடியாமல் போகும். சுவர், கதவுச் சட்டம், சுவிட்ச் போர்டு மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் இரவில் எழுந்திருப்பவர் சுவிட்சைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே சொன்ன எல்ஆர்வி எண்ணில் அடுத்தடுத்த பரப்புகளுக்கு இடையே 30 புள்ளி வேறுபாடாவது இருக்கட்டும் என்பது, எல்லோரும் எளிதில் புழங்கும் கட்டடங்களுக்காக பிரிட்டனில் கடைப்பிடிக்கப்படும் வழிகாட்டல். குளியலறைக் கதவுக்கு அடர்ந்த நிறம் அடித்துவிடுங்கள். சுவரடிப் பட்டையைச் சிவப்பிலேயே அடித்துவிடாதீர்கள். தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வைகைக்கரையான்

தாயார் மேற்கு அறையில்தான் இருப்பார், சரியாக ஊகித்தீர்கள். அவர் பிறந்த வீட்டில் அடிப்பட்டை இருந்ததாம். கருநீலம் என்கிறார், அவருடைய தங்கையோ பச்சை என்கிறார். அந்த வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

இதுவரை நினைத்திருப்பது இது. கிழக்கு அறைக்கு இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. மேற்கு அறைக்குச் சாம்பல் பச்சை கலந்த வெள்ளை, கீழே மூன்றடிக்கு அடர் சாம்பல் பச்சைப் பட்டை. சந்தனத்தை ஹாலுக்கே வைத்துக்கொள்கிறோம். ஹாலின் வாசல் வடக்கே, எதிரே தெரு, வெளிச்சத்தில் எந்த நிறமும் கலப்பதில்லை. டிவிக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் அடித்து ஹைலைட் செய்யலாம் என்று பெயின்டர் சொல்கிறார். மேட் ஃபினிஷா, பளபளப்பா என்றும் கேட்கிறார். மீதமிருக்கும் சந்தன பெயின்ட் ஹாலுக்குப் போதுமா என்பது எப்படித் தெரியும்?

சுவரும் சுண்ணாம்பும்

ஃபினிஷைப் பற்றி நான் சொல்கிறேன். பளபளப்பு கூடக் கூட, துடைப்பது எளிது. ஆனால் பட்டி வேலையில் உள்ள மேடு பள்ளம் அவ்வளவும் வெளியே தெரியும். சுவரை ஒட்டி ட்யூப் லைட் போட்டால் வெளிச்சம் சரிவாக விழுந்து ஒவ்வொரு தேய்ப்பின் தடமும் நிழலாக நிற்கும். ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் மேட் அல்லது இலேசான மினுமினுப்பு, சமையலறைக்குத் துடைக்கக்கூடிய சாட்டின், கதவுக்கும் அடிப்பட்டைக்கும் எனாமல் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயின்டாக இருந்தாலும் டப்பாவில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இல்லை என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். 2017 நவம்பரிலிருந்து அது சட்டப்படியான வரம்பு. அடையாளமில்லாத மலிவு எனாமல்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

டிவிக்குப் பின்னால் அடர்ந்த நிறம் அடிப்பதில் தவறில்லை, செலவுதான் கூடும். அடர் சிவப்பும் அடர் மஞ்சளும் அடியில் உள்ளதை மூடும் திறன் குறைந்தவை. இரண்டு கோட்டில் நிற்காமல் மூன்று நான்கு வரை போகும். அந்தச் சுவருக்கு வெள்ளைப் பிரைமருக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த பிரைமரை அடிக்கச் சொன்னால் ஒரு கோட்டாவது மிச்சமாகும்.

சந்தனம் போதுமா என்று கேட்டீர்கள். ஒவ்வொரு டப்பாவின் பின்புறமும் லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று அச்சிட்டிருக்கும். ஹால் சுவர்களின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி, கதவு சன்னல் பரப்பைக் கழித்து அதோடு ஒப்பிடுங்கள். அச்சிட்ட அளவு வழவழப்பான சுவருக்கானது, கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை வரும்போல் தெரிந்தால், பழையது தீர்ந்த பிறகு புதிதாக வாங்கி நடுச்சுவரில் தொடங்க வேண்டாம். இப்போதே வாங்கி, பழையதையும் புதியதையும் ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரே குறியீட்டு எண்ணுக்கு ஒரே இயந்திரம் கலந்தாலும் இரண்டு நாட்களில் கலந்தவை நூல் பிசகாமல் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. சுவரின் மூலையில் மாறினால் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மாறினால் ஆயுளுக்கும் தெரியும். வாளி மூடியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டுச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதத்தில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் மூடி வையுங்கள். ஆணி அடித்த இடத்தைப் பின்னால் சரிசெய்யக் கைகொடுக்கும்.

கீழ்வானம்

பூசை அறையை எல்லோரும் மறந்துவிட்டோம். சிறிய அறை, சன்னல் இருக்காது என்று நினைக்கிறேன். விளக்கொளியில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் எஞ்சிய சந்தனத்தை அங்கேயும் அடித்துவிடலாமே? எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அந்த நிறம் நன்றாக எடுக்கும். புகை படியும் மாடத்துக்கு மேல்பகுதியை மட்டும் துடைக்கக்கூடிய ஃபினிஷில் அடிக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்

பூசை அறைக்குச் சன்னல் கிடையாது. அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு அறைக்கும் மேற்கு அறைக்கும் புதிய நிறங்களில் ஒவ்வொரு லிட்டர் மட்டும் கலந்து வாங்கி, இரண்டு அட்டைகளில் அடித்துக் காய வைத்திருக்கிறேன். 4000 கே பல்பு ஒன்றும் வாங்கியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் சன்னலுக்கு நேரான சுவரைப் பற்றிப் பேச்செடுத்தபோது, வருகிற தைக்கு முழுச் சுவருக்குமே நிறம் மாற்றப்போவதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டதற்கு, இன்னும் முடிவாகவில்லை, மகள் ஊதா வேண்டும் என்கிறாள் என்றார். ஆகவே கிழக்கு அறையின் இரண்டாவது கோட்டைத் தை வரை தள்ளி வைத்திருக்கிறோம். மற்ற அறைகளின் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.